மாநாட்டுக் கூடத்துக்கு வெளியே ஒரு சிகாகோ

மெக்கார்மிக் பிளேஸுக்குள் நுழைந்துவிட்டால் சிகாகோ என்று ஓர் ஊர் இருப்பதையே மறந்துவிடலாம். வட அமெரிக்காவிலேயே பெரிய மாநாட்டு வளாகம் அது. நான்கு கட்டடங்கள், கண்காட்சிக்கு மட்டும் 26 லட்சம் சதுர அடி. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக மூடிய நடைபாலங்கள். காப்பி, சாப்பாடு எல்லாம் உள்ளேயே கிடைக்கும். ஹோட்டல் வாசலில் ஏற்றிக்கொள்ளும் பஸ் கூடத்தின் வாசலில் இறக்கிவிடும். நவம்பர் கடைசியில் மிச்சிகன் ஏரிப் பக்கமிருந்து வீசும் காற்றை ஒரு தடவை முகத்தில் வாங்கினவர்களுக்கு வெளியே போகும் எண்ணமே வராது.

எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் ரேடியாலஜி மருத்துவர்களுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும். வட அமெரிக்கக் கதிரியல் சங்கத்தின் ஆண்டு மாநாடு, தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை இங்கேதான் தொடங்கும். உலகம் முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வந்து கூடுவோம். போய்வந்தவர்களிடம் ஊர் எப்படி என்று கேட்டுப் பாருங்கள். புது ஸ்கேனர்களைப் பற்றிச் சொல்வார்கள், குளிரைப் பற்றிச் சொல்வார்கள், மில்லேனியம் பூங்காவில் ‘பீன்’ என்று ஊரார் அழைக்கும் அந்தப் பெரிய பளபளக்கும் சிற்பத்தின் முன்னால் எடுத்த போட்டோவைக் காட்டுவார்கள். மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் 168 எஃகுத் தகடுகளை இணைத்து, இணைப்பே தெரியாதபடி மெருகேற்றி 2006இல் முடித்த வேலை அது. அற்புதமான வேலைதான், சந்தேகமே இல்லை. ஆனால் அதோடு முடித்துக்கொள்கிறோமே என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் தொழிலில் முதலாண்டு மாணவர்களுக்கே ஒன்று சொல்லித் தருவோம். நெஞ்சு எக்ஸ்ரேயில் நிமோனியா கண்ணில் பட்டதும், கிடைத்துவிட்டது என்று மனசு சமாதானம் ஆகிவிடும். அதே படத்தின் ஓரத்தில் விலா எலும்பு ஒன்று முறிந்திருக்கும். அல்லது இதயத்தின் நிழலுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கட்டி இருக்கும். முதலில் கிடைத்தது இரண்டாவதைப் பார்க்கவிடாது. அதனால் ஒன்று கிடைத்த பிறகுதான் இன்னும் கவனமாகத் தேட வேண்டும். வெளியூரில் சுற்றும்போதும் இந்தப் பழக்கம் வேண்டும் என்று நான் நம்புகிறேன். எல்லாரும் பார்க்கும் ஒன்றைப் பார்த்தாயிற்று, சரி, அப்புறம் என்ன இருக்கிறது?

சிகாகோவில் அந்தக் கேள்விக்கான பதில் மாநாட்டுக் கூடத்திலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே தொடங்குகிறது. மார்ட்டின் லூதர் கிங் டிரைவில் கொஞ்சம் தெற்கே போனால், 26ஆம் பிளேஸ் சந்திப்பில், சாலை நடுவே வெண்கலத்தில் ஒரு மனிதன் நிற்கிறான். அலிசன் சார் என்ற சிற்பி 1996இல் செய்தது. கையில் கயிறு கட்டிய பெட்டி. வடக்கே, நகரத்தைப் பார்த்து ஒரு கையைத் தூக்கியிருக்கிறான். தூரத்திலிருந்து பார்த்தால் செதில் செதிலாக ஏதோ உடை போட்டிருப்பது போலத் தெரியும். கிட்டே போனால்தான் விஷயம் புரிகிறது. அவன் கோட்டு முழுக்கச் செருப்பின் அடித்தோல்கள். தேய்ந்து ஓட்டை விழுந்த அடித்தோல்கள். அவன் நிற்பதும் அப்படிப்பட்ட அடித்தோல்களின் குவியல் மேல்தான்.

1916 முதல் 1970 வரை அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து ஏறக்குறைய 60 லட்சம் கறுப்பின மக்கள் வடக்கேயும் மேற்கேயும் கிளம்பிப் போனார்கள். பருத்திக் காட்டுக் கூலி, தீராத கடன், இனவெறிச் சட்டங்கள், அடித்துக் கொல்லும் கும்பல்கள் ஆகியவற்றிலிருந்து தப்பித்து வந்தவர்கள். சிகாகோவுக்கு மட்டும் 5 லட்சம் பேர் வந்தார்கள். ‘சிகாகோ டிஃபெண்டர்’ என்ற கறுப்பினப் பத்திரிகை, வடக்கே வாருங்கள் என்று எழுதிக்கொண்டே இருந்தது. புல்மன் ரயில்களில் வேலை பார்த்த கறுப்பினச் சிப்பந்திகள் அதைக் கட்டுக்கட்டாக ரகசியமாகத் தெற்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மிசிசிப்பியிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் ஏறிய ரயில் இல்லினாய் சென்ட்ரல். அதன் பழைய பாதையில்தான் இன்று மெட்ரா புறநகர் ரயில் ஓடுகிறது. மெக்கார்மிக் பிளேஸின் அடியிலேயே அதற்கு ஒரு நிலையம் இருக்கிறது. அதாவது, நாங்கள் எம்.ஆர்.ஐ. இயந்திரங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும் தரைக்குக் கீழே போகும் தடத்தில்தான் அந்த மக்கள் பெட்டியோடு வந்து, சற்று வடக்கே 12ஆம் தெரு நிலையத்தில் இறங்கினார்கள். அந்த நிலையத்தை 1974இல் இடித்துவிட்டார்கள்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அடுத்த இடத்துக்குப் போனால்தான் அது முழுதாகப் புரியும். வளாகத்தின் மேற்குக் கட்டடத்திலிருந்து சில தெருக்கள் தாண்டி, 2120 தெற்கு மிச்சிகன் அவென்யூ. ஒடுக்கமான இரண்டு மாடிக் கட்டடம். போலந்திலிருந்து சின்ன வயதில் குடியேறிய யூதச் சகோதரர்கள் லியனார்ட் செஸ், ஃபில் செஸ் இருவரும் நடத்திய செஸ் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் 1957 முதல் 1967 வரை இங்கேதான் இருந்தது. ஒலிப்பதிவு நடந்தது மாடியில்.

மடி வாட்டர்ஸ் மிசிசிப்பியில் பண்ணைக் கூலியாக இருந்தவர். 1941இல் நாட்டுப்புற இசை சேகரிக்க வந்த ஆலன் லோமாக்ஸ் அவருடைய குடிசையிலேயே அவர் பாட்டைப் பதிவு செய்தார். தன் குரலைத் தட்டில் கேட்டபோதுதான் தன்னால் முடியும் என்ற தைரியம் வந்ததாக மடி வாட்டர்ஸ் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1943இல் சிகாகோவுக்கு ரயிலேறினார். பகலில் தொழிற்சாலை வேலை, லாரி ஓட்டுவது. இரவில் மதுக்கடைகளில் பாட்டு. அங்கே கூட்டத்தின் இரைச்சலில் சாதாரண கிட்டார் காதில் விழவே இல்லை. அதனால் மின்சார கிட்டாருக்கு மாறினார். வயல்வெளியில் தனி ஆள் பாடிய ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் இசை, ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த அறையில் ஒலிக்க வேண்டியிருந்தது. அந்தத் தேவையிலிருந்துதான் சிகாகோ ப்ளூஸ் பிறந்தது. அவர் செஸ் நிறுவனத்துக்காக 1950இல் பாடிய ‘ரோலிங் ஸ்டோன்’ பாட்டிலிருந்து பேரை எடுத்துக்கொண்ட லண்டன் பையன்கள், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர், 1964 ஜூனில் இதே கட்டடத்தைத் தேடி வந்து இதே மாடியில் பதிவு செய்தார்கள்.

செஸ் இசைத்தட்டுகளில் ஒன்று பூமியை விட்டே போயிருக்கிறது. சக் பெர்ரி 1958இல் பாடிய ‘ஜானி பி. குட்’, 1977இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களின் தங்க இசைத்தட்டில் இருக்கிறது. அதே தட்டில்தான் நம் கேசர்பாய் கேர்கர் பாடிய பைரவியும் இருக்கிறது. செயின்ட் லூயிஸ்காரர் ஒருவரும் கோவாவில் பிறந்த ஓர் அம்மாவும் சூரிய மண்டலத்துக்கு வெளியே ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பே எனக்குப் பெரிய சந்தோஷம்.

அந்தக் கட்டடம் இன்று இருப்பதற்குக் காரணம் வில்லி டிக்சன் குடும்பம். செஸ்ஸின் எத்தனையோ பாட்டுகளை எழுதிய டிக்சன், உழைத்த இசைக்கலைஞர்களுக்கு உரிமைத்தொகை சரியாகப் போய்ச் சேரவில்லை என்று கடைசிவரை போராடியவர். அவர் இறந்த பிறகு, 1993இல், அவர் மனைவி அந்தக் கட்டடத்தை வாங்கி, டிக்சன் தொடங்கிய ப்ளூஸ் அறக்கட்டளையின் இல்லமாக்கினார். பாட்டை எழுதியவரின் வீட்டாரிடமே கட்டடம் வந்து சேர்ந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது.

நகர மையத்துக்குப் போவது எளிது. மெட்ரா இருக்கிறது, செர்மாக் நிலையத்தில் கிரீன் லைன் ரயிலில் ஏறினால் தெருவுக்கு மேலே, கட்டடங்களின் ஜன்னல்களை உரசுவது போலப் போய் இறங்கலாம். புதன்கிழமை மதிய அமர்வு ஒன்றை விட்டுவிட்டு நான் போன இடம் சிகாகோ கலாசார மையம். 1897இல் நகரப் பொது நூலகமாகக் கட்டியது. நுழைவுக் கட்டணம் கிடையாது. வெள்ளைச் சலவைக்கல் படிகள், சுவரெல்லாம் கண்ணாடியும் முத்துச்சிப்பியும் பதித்த வேலைப்பாடு. மேல் மாடியில் டிஃபானி நிறுவனம் செய்த கண்ணாடிக் குவிமாடம், 38 அடி விட்டம். ஒரு நூலகத்துக்கு, கட்டணம் இல்லாமல் வந்து படிக்கப்போகும் சாதாரண மக்களுக்காக, இவ்வளவு செலவழித்திருக்கிறார்கள். அரண்மனையில் இதைப் பார்த்திருந்தால் எனக்கு இவ்வளவு பிடித்திருக்காது.

அந்தக் குவிமாடத்துக்குக் கீழே புதன்கிழமைகளில் 12.15க்கு இலவசக் கச்சேரி. மைரா ஹெஸ் என்ற பிரிட்டிஷ் பியானோ கலைஞரின் பெயரால் நடக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் தேசிய ஓவியக் கூடத்தின் படங்களையெல்லாம் பாதுகாப்பாக வெளியூருக்கு அனுப்பிவிட்டார்கள். வெறுமையான அந்தக் கூடத்தில் மதிய வேளைகளில் கச்சேரி நடத்தியவர் அவர். நான் போன அன்று ஓர் இளம் பெண் பியானோ வாசித்தார். பக்கத்தில் ஆபீஸ் அடையாள அட்டையோடு ஒருவர் மடியில் சாப்பாட்டுப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, திறக்காமலே முக்கால் மணி நேரமும் உட்கார்ந்திருந்தார். என் கழுத்திலும் மாநாட்டு பேட்ஜ். கச்சேரி முடிந்ததும் அவர் ஆபீசுக்கு ஓடினார், நான் கூடத்துக்கு ஓடினேன்.

வெளியே நிற்கும் சிற்பங்களைக் குளிர் அனுமதித்த அளவுக்குத்தான் பார்த்தேன். டேலி பிளாசாவில் பிக்காசோவின் 50 அடி எஃகுச் சிற்பம். 1 லட்சம் டாலர் தருகிறோம் என்றபோது வேண்டாம் என்று நகரத்துக்குப் பரிசாகவே கொடுத்துவிட்டார். 1967இல் திரை விலகியபோது இது பெண்ணா, நாயா, பறவையா என்று ஊரே சண்டை போட்டதாம். நவம்பர் கடைசியில் அதன் காலடியில் ஜெர்மானியக் கிறிஸ்துமஸ் சந்தை நடக்கிறது, குழந்தைகள் சிற்பத்தின் சரிவில் ஏறிச் சறுக்குகிறார்கள். வடக்கே நின்று பார்த்தால் டாக்காவில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் கானின் ஹான்காக் கட்டடம். 100 மாடி. காற்றைத் தாங்கும் எக்ஸ் வடிவ உத்தரங்களை உள்ளே மறைக்காமல் வெளியிலேயே காட்டிவிட்டார்கள், எலும்பு வெளியே தெரியும் உடம்பு போல. எனக்கு அது பிடித்ததில் ஆச்சரியம் இல்லை.

இத்தனைக்கும் மேல், சிகாகோவில் நான் மிக அதிக நேரம் நின்றது ஆர்ட் இன்ஸ்டிடியூட் என்ற கலைக்கூடத்தில். வியாழக்கிழமைகளில் இரவு 8 மணி வரை திறந்திருக்கும். மாநாட்டின் கடைசி நாளும் வியாழன்தான். வாசலில் எட்வர்ட் கெமிஸ் செய்த இரண்டு வெண்கலச் சிங்கங்கள், பண்டிகைக்காகக் கழுத்தில் பச்சை மாலையோடு. என்னோடு என் பழைய பேராசிரியரும் வந்திருந்தார். “படம் பார்த்துப் பார்த்தே கண்ணு போச்சு, இன்னும் படமா? சரி வாம்மா, போவோம்” என்று சிரித்துக்கொண்டே கிளம்பினார்.

இந்தக் கட்டடமே ஒரு மாநாட்டுக்காகத்தான் முதலில் திறந்தது. 1893 உலகக் கண்காட்சியை ஒட்டிப் பல துறை மாநாடுகள் நடத்த ஓர் இடம் வேண்டியிருந்தது. மாநாடுகள் முடியும்வரை கூட்டங்களுக்கு, அப்புறம் கலைக்கூடத்துக்கு என்ற ஏற்பாட்டில் இதைக் கட்டினார்கள். அதில் ஒன்றுதான் சர்வ சமய மாநாடு. செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசியது இங்கே. அவரைக் கப்பலேற்றக் காசு சேர்த்தது சென்னைப் பள்ளி ஆசிரியர் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும். வீடு வீடாகப் போய் வசூலித்தார்கள். சிகாகோ வந்து சேர்ந்த பிறகுதான், அறிமுகக் கடிதம் இல்லாமல் பிரதிநிதியாக முடியாது, பதிவு செய்யும் காலமும் முடிந்துவிட்டது என்று விவேகானந்தருக்குத் தெரிந்தது. பாஸ்டன் பக்கம் போய், ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட்டின் கடிதத்தோடு திரும்பி வந்தார். முகவரி தொலைந்து, ரயில்வே வளாகத்தில் ஒரு காலிப் பெட்டிக்குள் இரவைக் கழித்தார். அவர் பேசிய அரங்கு இப்போது இல்லை. ஆனால் 2010 செப்டம்பர் 11 அன்று மும்பைக் கலைஞர் ஜித்திஷ் கல்லாட், அந்த உரை முழுவதையும் பிரதான மாடிப்படிகளின் 118 முகப்புகளில் ஒளிரும் எழுத்துகளாக வைத்தார். எழுத்துகளின் நிறங்கள், அமெரிக்க அரசு பயங்கரவாத எச்சரிக்கைக்குப் பயன்படுத்திய பச்சை, நீலம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. மதவெறி ஒழியட்டும் என்று 1893இல் ஒருவர் கேட்ட அதே தேதியில் 2001இல் என்ன நடந்தது என்பதை, படியேறுகிறவர்கள் ஒவ்வொரு அடியிலும் படித்தாக வேண்டும். நான் போனபோது படிகளில் எழுத்து எதுவும் இல்லை. இருந்தும் மெதுவாகத்தான் ஏறினேன்.

பிக்காசோவின் ‘கிழட்டு கிட்டார்காரன்’ முன்னால் பேராசிரியரும் நானும் மருத்துவர்களாகவே ஆகிவிட்டோம். 1903 கடைசியிலும் 1904 தொடக்கத்திலும் பார்சிலோனாவில், 22 வயதில் வரைந்தது. நீலத்தில் மடங்கி உட்கார்ந்திருக்கும் குருட்டுக் கிழவன். அவன் கழுத்துக்கு மேலே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருங்கள். நீலத்துக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் முகம் மங்கலாக வரும். எக்ஸ்ரேயிலும் அகச்சிவப்புப் படத்திலும் அவள் தெளிவாகவே இருக்கிறாள். பக்கத்தில் ஒரு குழந்தை, ஒரு பசு. அந்த நாளில் பிக்காசோவிடம் காசில்லை. வரைந்த பலகையிலேயே மறுபடி வரைந்தார். ஓவியத்தை எக்ஸ்ரே எடுக்க முடிவது எதனால் என்றால், பழைய வெள்ளைச் சாயத்தில் ஈயம் இருக்கிறது. ஈயம் எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும். எங்கள் படங்களில் எலும்பு வெளுத்துத் தெரிவதும் அப்படித்தான். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி, போட்டு, தள்ளி நின்று, கிட்டே போய், “பார்த்தியா, சொல்லாம விட்டிருந்தா தாண்டிப் போயிருப்போம்” என்றார். பத்து நிமிஷத்துக்கு மேல் நகரவில்லை.

பிரெஞ்சு ஓவியர் ஸெராவின் ‘கிராந்த் ஜாத் தீவில் ஞாயிறு மதியம்’ அதற்கு நேர் எதிர். ஏறக்குறைய 2 மீட்டர் உயரம், 3 மீட்டர் அகலம். யாராலும் தாண்டிப் போக முடியாது. 1884 முதல் 1886 வரை பக்கத்தில் பக்கத்தில் புள்ளி வைத்து வரைந்திருக்கிறார். ஆனால் நாம் பார்ப்பது அவர் பார்த்த படம் அல்ல. புல்வெளியில் வெயில் படும் இடத்தில் அவர் வைத்த துத்தநாக மஞ்சள் சில ஆண்டுகளிலேயே பழுப்பாக மாறத் தொடங்கிவிட்டது. புல்லில் மங்கலாக இருக்கும் அந்தப் புள்ளிகள் ஒரு காலத்தில் பளீரென்ற மஞ்சள். 1958இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்துக்கு இரவலாகப் போயிருந்தபோது அங்கே தீப்பிடித்து, அவசர அவசரமாக இதைக் காப்பாற்றினார்கள். அதற்குப் பிறகு இதை எங்கும் அனுப்புவதில்லை. பார்க்க வேண்டும் என்றால் நாம்தான் சிகாகோ போக வேண்டும்.

இந்தியக் கூடத்தில் எங்களை நிறுத்தியது ஒரு கருங்கல் புத்தர். ஐந்தடிக்கு மேல் உயரம், தியானத்தில் உட்கார்ந்த கோலம், மடியில் கைகள். 12ஆம் நூற்றாண்டு, நாகப்பட்டினம் என்று குறிப்பு. பேராசிரியருக்குச் சொந்த ஊர் அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர்கள் நாகப்பட்டினத்தில் கட்டிய சூடாமணி விகாரமும், அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடையாகக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடுகளும் நமக்குப் பள்ளியிலேயே அறிமுகம். அந்த ஊரில் கடைசிவரை நின்றிருந்த ஒரு பழைய செங்கல் கோபுரத்தையும் 1867இல் இடித்துவிட்டார்கள். மண்ணுக்கடியிலிருந்து நூற்றுக்கணக்கில் புத்தர் செப்புப் படிமங்கள் கிடைத்தன. பல எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் பௌத்தம் என்றதும் நாம் மணிமேகலை காலத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். 12ஆம் நூற்றாண்டிலும் இவ்வளவு பெரிய கல்லை எடுத்துப் புத்தர் செதுக்கியிருக்கிறார்கள், அதைக் கும்பிட ஆள் இருந்திருக்கிறார்கள் என்பதை அந்தக் கல் முகத்துக்கு நேராகச் சொல்கிறது.

இப்படிப்பட்ட சிலைகள் எப்படிக் கடல் கடந்தன என்ற கேள்வியை நாம் விடாமல் கேட்க வேண்டும், அருங்காட்சியகங்களும் விடாமல் பதில் சொல்ல வேண்டும். அதைப் பற்றிப் பேசிக்கொண்டே பேராசிரியரும் நானும் அங்கே ரொம்ப நேரம் இருந்தோம். ஆர்ட் இன்ஸ்டிடியூட்டின் கட்டடம் ரயில் பாதைக்கு மேல் பாலமாகத் தாண்டிப் போகிறது. பழைய பகுதியிலிருந்து கிழக்குப் பகுதிக்குப் போகும்போது ஜன்னல் வழியே பார்த்தால் கீழே மெட்ரா ஓடுகிறது. மெக்கார்மிக் பிளேஸுக்கு அடியில் போகும் அதே பாதை.

பில்சன் பகுதியில் மெக்சிகோ கலைக்கான தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது, நுழைவு இலவசம். 1940இலிருந்து இன்றுவரை நடக்கும் தெற்குப் பக்கச் சமூகக் கலை மையம், மாநாட்டுக் கூடத்துக்குத் தெற்கே அதே மிச்சிகன் அவென்யூவில் இருக்கிறது. கறுப்பினக் கலைஞர்கள் தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்ட இடம். இரண்டையும் அடுத்த முறைக்கு வைத்திருக்கிறேன். இந்த ஆண்டு போகிறவர்கள் எனக்கு முன்னால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஆர்ட் இன்ஸ்டிடியூட் வாரத்தில் எல்லா நாளும் திறந்திருக்காது, நேரம் பார்த்துக்கொண்டு போங்கள். கிங் டிரைவ் சிலைக்கு நேரமெல்லாம் கிடையாது. காதை மூடும் குல்லா மட்டும் இருந்தால் போதும்.